பதினாலாவது சத்தம்

"பேசு பாப்பா. ஏன் வாயை மூடிட்டே?"

"பேசறதுக்கு என்ன அண்ணி இருக்கு? ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் தீர்ந்துபோச்சு. இனிமே நானாப் பார்த்து நாலு பேரைப் படுக்க வச்சாத்தான் உண்டு."

"அதையாவது பண்ணு. மூச்சு வாங்குதா?"

"வாங்கினா இவ்வளவு நீளமாப் பேசுவேனா? நீங்க ரோட்டைப் பாருங்க. வளைவு வருது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வலது கன்னத்துல வெயில் விழ ஆரம்பிச்சிருச்சு."

ரெட்டைச் சைக்கிளின் முன் இருக்கையில் அண்ணி, பின் இருக்கையில் பாப்பா. பாப்பா என்றால் குழந்தை இல்லை, இருபத்தெட்டு வயது. அண்ணியின் கணவனுக்குத் தங்கை. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எந்த வார்டுக்கு எந்த எண் என்று முந்நூறு எண்களை நாக்கு நுனியில் வைத்திருப்பவள். அண்ணி சீருடை தைக்கும் ஆலையில் சட்டைக் காலர் பிரிவில் இருந்தாள். ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் முன்னால் இருப்பவள் கையில். பின்னால் இருப்பவளுக்கு மிதிப்பது ஒன்றுதான் வேலை.

மிதிப்பதும் பேசுவதும் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அது கோச்சின் உத்தரவு.

"இது பேஸ் ட்ரெய்னிங். பன்னிரண்டு வாரம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் அவர். "வேகமாப் போறதுக்கு இல்ல, அஸ்திவாரம் போடறதுக்கு. முன்னாடி இருக்கறவ மார்ல பட்டை கட்டிக்கணும். இதயம் நிமிஷத்துக்கு நூத்து நாப்பதைத் தாண்டக் கூடாது. சைக்கிள் சங்கத்துல பட்டை ஒண்ணுதான் இருக்கு. அதனால பின்னாடி இருக்கறவளுக்குப் பேச்சுதான் பட்டை. மூச்சு வாங்காம முழு வாக்கியமாப் பேசிட்டு வந்தா சரியான வேகம். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

"முன்னேறுதா இல்லையான்னு எப்படி சார் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமைதோறும் ஒரு மணி நேரம். இதே ரோடு, இதே கியர், இதே துடிப்பு. மணி அடிச்சதும் மீட்டர்ல தூரத்தைப் பாத்து நோட்டுல எழுது. துடிப்பு ஏறாம தூரம் ஏறினா அஸ்திவாரம் இறுகுதுன்னு அர்த்தம். ஆனா ஓட்டும்போது மீட்டரைப் பாக்காதே. பாத்தா கால் பேராசைப்படும். பிளாஸ்திரி ஒட்டி வேகத்தையும் தூரத்தையும் மறைச்சிரு. வாராவாரம் என்கிட்ட வந்து அழுதுட்டு நிக்காதே. பன்னிரண்டாவது ஞாயிறு நானே வந்து பாக்கறேன். முதல் வாரத்தைவிடப் பத்துல ஒரு பங்கு கூட வரணும்."

"வரலைன்னா?"

"சங்கத்துல ரெட்டைச் சைக்கிள் ஒண்ணே ஒண்ணு. கேட்டுட்டு ரெண்டு ஜோடி நிக்கறாங்க. அவங்களுக்குப் போயிரும்."

அந்த ஒரு வாக்கியம்தான் பதினோரு வாரமாக அண்ணியை மீன் முள்போலக் குத்திக்கொண்டிருந்தது. பாப்பாவுக்கு வீட்டிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு என்று எங்கே போனாலும் ஒருத்தர் முழங்கை வேண்டும், இல்லையென்றால் கோல் வேண்டும். யார் கையையும் பிடிக்காமல், எதையும் தட்டிப் பார்க்காமல், காற்று முகத்தில் அடிக்க அவள் போகிற ஒரே இடம் அந்தப் பின் இருக்கை. அதில் ஏறிய முதல் நாள் இறங்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அண்ணிக்கு அது போதுமாக இருந்தது.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீண்ட மதிலைச் சுற்றிப் போகும் ரோடு அது. விடிகாலையில் வண்டி நடமாட்டம் இருக்காது. பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் வடிகாலின்மேல் இரும்புக் கம்பி மூடி ஒன்று போட்டிருந்தது. அங்கிருந்துதான் கிளம்புவார்கள். ஒவ்வொரு சுற்றும் அதன்மேல் ஏறும்போது இரண்டு சக்கரமும் கடகடவென்று பல்லைக் கடிக்கும்.

அன்று பதினோராவது ஞாயிறு. கைக்கடிகாரத்தில் மணி அடித்தது. அண்ணி பிரேக்கைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, நகத்தால் பிளாஸ்திரியை உரித்தாள்.

இருபத்தைந்து புள்ளி ஏழு.

முதல் ஞாயிறு இருபத்தாறு. பதினோரு வாரம் விடிகாலை எழுந்து, பதினோரு வாரம் டீயை விட்டு, பதினோரு வாரம் ஆலையில் நின்றுகொண்டே தூங்கி, கிளம்பின இடத்துக்குக்கூட வந்து சேரவில்லை.

"எவ்வளவு அண்ணி?"

"இருபத்தெட்டு" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதானா?"

"போதாதா உனக்கு? இன்னும் ஒரு வாரம் இருக்கு, புள்ளி ஆறு ஏறினாப் போதும்."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. மீட்டருக்கு வேற கண்ணு பட்டிரப் போகுது."

பொய் சொல்லத் தொடங்கியது நான்காவது வாரத்தில். முதல் மூன்று வாரம் தூரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இருபத்தாறரையைத் தொட்டது. நான்காவது வாரம் அண்ணிக்குக் காய்ச்சல். மூன்று நாள் படுத்தாள். ஞாயிறு எழுந்து ஓட்டியபோது இருபத்துநாலு புள்ளி இரண்டு. காய்ச்சல்தானே, அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று பாப்பாவிடம் இருபத்தாறே முக்கால் என்று சொன்னாள். அடுத்த வாரம் சரியாகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒரு பொய்யைச் சொன்னால் மறுவாரம் அதற்குமேல் ஒரு பொய்யை ஏற்றித்தான் வைக்க வேண்டியிருந்தது. நோட்டில் உண்மையும் வாயில் பொய்யுமாக இரண்டு கணக்கு ஓடிற்று.

விசித்திரம் என்னவென்றால், தினமும் காலையில் கண் விழித்ததும் படுக்கையில் இருந்தபடியே அண்ணி தன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவாள். அதுவும் கோச் சொன்னதுதான். அஸ்திவாரம் இறுகினால் ஓய்வில் துடிப்பு குறையும். முதல் வாரம் அறுபத்தாறு இருந்தது. இப்போது ஐம்பத்தேழு. அது நல்ல செய்தி. ஆனால் அவள் நம்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் தப்பாக எண்ணுகிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டாள். மெஷின் பொய் சொல்லாது, தன் விரல்தான் பொய் சொல்லும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆலையில் அடுத்த திங்களும் செவ்வாயும் காலர்களை மாற்றி மாற்றித் தைத்துச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். புதன்கிழமை தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று யோசித்தாள். பாப்பாவின் கால் சரியாகத்தான் மிதிக்கிறது. மூச்சு வாங்காமல் கதை கதையாகப் பேசுகிறாள். அப்படியானால் குறை எங்கே? முன்னால். காய்ச்சல் தன் உடம்பில் எதையோ தின்றுவிட்டுப் போயிருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருப்பது ஆள் இல்லை, மூட்டை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் கோச் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். விளையாட்டுச் சாமான் அறையில் அவர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நோட்டை நீட்டினாள். அவர் ஒரு கையால் பம்பைப் பிடித்தபடியே பக்கத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது, தேய்பிறையா இருக்கு?"

"காய்ச்சலுக்கு அப்புறம் எழவே இல்ல சார். சாப்பாட்டை மாத்திப் பாத்தேன், தூக்கத்தை மாத்திப் பாத்தேன். டயர்ல காத்து சரியா இருக்கு. மீட்டருக்குப் பேட்டரிகூடப் புதுசு போட்டாச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

"ம்" என்றார் கோச். ஒரு பந்து கையிலிருந்து நழுவி ஓடியது. அதைக் காலால் நிறுத்தினார். "என்ன பண்ணலாங்கற?"

"என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போடுங்க. சைக்கிள் அவகிட்டயே இருக்கணும். அது ஒண்ணுதான் சார் நான் கேக்கறது."

"போஸ்ட்மாஸ்டர் பொண்ணு ஒருத்தி இருக்கா. நல்ல கால். அவளை உக்கார வைக்கலாம். ஆனா நாளைக்குச் சாயந்தரம் போட்டிக்கான ஜோடிப் பட்டியல் போயிரும். போனா போனதுதான், இந்த சீசன் முழுக்க மாத்த முடியாது. ஞாயித்துக்கிழமையும் பட்டியல்ல இருக்கற ஜோடிதான் ஓட்டணும். நல்லா யோசிச்சியா? உன் நாத்தனார்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிக்கறேன் சார்."

ஆள் மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று பாப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் ஒத்திகைக்கு வருகிறாள் என்று ஆனபிறகுதான், இனி சொல்லாமல் முடியாது என்று சனிக்கிழமை காலை வாயைத் திறந்தாள்.

வீட்டு வராந்தாவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். பாப்பா தரையில் உட்கார்ந்து துணிக்குள் சங்கிலியை விட்டு ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவள் யாரிடமும் கொடுக்க மாட்டாள். அண்ணியின் கணவன் கதவோரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷேவ் செய்துகொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். சனிக்கிழமையில்தான் கன்னத்துக்கு நேரம் கிடைக்கும்.

"பாப்பா, நாளைக்கு நான் ஓட்டல."

"முட்டி வலியா? எண்ணெய் தேய்க்கவா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. வேற ஒரு பொண்ணு உக்காரப் போறா. பட்டியல்லயும் அவ பேர்தான். நானே எழுதிக் குடுத்துட்டேன்."

சங்கிலி நின்றது.

"விளையாடாதீங்க அண்ணி."

"விளையாடல. உன்கிட்டச் சொன்னதெல்லாம் பொய். போன ஞாயித்துக்கிழமை நாம போனது இருபத்தெட்டு இல்ல. இருபத்தஞ்சு புள்ளி ஏழு."

பாப்பா துணியை மடியில் வைத்தாள். முகம் சுருங்கியது. கோபம் இல்லை, எக்ஸ்சேஞ்சில் யாராவது தப்பான எண்ணைக் கேட்டால் வருகிற முகம்.

"அது எப்படி? பதினாலு தடவை கடகடன்னுச்சே."

"என்ன கடகட?"

"கேட்டுக்கிட்ட கம்பி மூடி. முதல் வாரம் பதிமூணாவது கடகடல மணி அடிச்சுது. போன வாரம் பதினாலும் தாண்டி ரொம்ப நேரம் போனோம். ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டர். பதினாலுன்னா இருபத்தெட்டு. அதுக்கு மேல வேற போனோம். நீங்க இருபத்தெட்டுன்னு சொன்னப்ப, என்னடா குறைச்சுச் சொல்றாங்களேன்னு நினைச்சேன். எனக்குத் தலைக்கனம் வந்துரக் கூடாதுன்னு சொல்றீங்களாக்கும்னு விட்டுட்டேன்."

"ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டர்னு உனக்கு யாரு சொன்னா?"

"கோச்தான். முதல் நாள். நீங்க அப்ப பட்டையை மாட்டத் தெரியாம முதுகுல மாட்டிட்டு நின்னீங்க."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வாரமும் அவள் சுற்றை எண்ணியதே இல்லை. துடிப்பைப் பார்க்கவும் ரோட்டைப் பார்க்கவும் பின்னால் பேச்சு நின்றுவிடாமல் பார்க்கவுமே அவளுக்குச் சரியாக இருந்தது. மீட்டர் இருக்கும்போது சுற்றை எதற்கு எண்ண வேண்டும்?

"அப்ப மீட்டர்?"

"எந்த வாரத்துலேர்ந்து குறைஞ்சுது அண்ணி?"

"காய்ச்சல் வந்த வாரத்துலேர்ந்து."

கதவோரத்திலிருந்து பாதிக் கன்னம் நுரையோடு அண்ணியின் கணவன் திரும்பினான்.

"அந்த வாரந்தானே நான் பேட்டரி மாத்துனேன்? நீ படுத்திருந்தே. செத்துக் கிடந்துச்சு, நான்தான் உயிர் குடுத்தேன்."

"மாத்துனப்ப அது ஏதாவது கேட்டுச்சாங்க?"

"என்னமோ ஒரு நம்பர் மினுக்கு மினுக்குன்னுச்சு. இதென்னடா நொச்சுன்னு ஓகே ஓகேன்னு அமுக்கிட்டேன். லிஃப்ட்லயும் அப்படித்தான், ரீசெட் பண்ணா நாலு கேள்வி கேக்கும்."

அண்ணி மீட்டரைக் கழற்றி, பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். எண் மினுக்கியது. சக்கரத்தின் சுற்றளவு. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. பாப்பா அண்ணியின் தையல் டேப்பைக் கொண்டுவரச் சொன்னாள். டேப் எட்டாததால் சக்கரத்தை இரண்டு தடவையாக அளந்தார்கள். இரண்டாயிரத்து நூறு மில்லிமீட்டர் வந்தது. பேட்டரி போனதும் மீட்டர் சொந்தப் புத்தி மறந்து, ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சின்னச் சைக்கிளில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. எட்டு வாரமாகப் பத்தில் ஒரு பங்கை அது விழுங்கியிருந்தது.

"போன வாரம் இருபத்தெட்டரை" என்றாள் பாப்பா. மனசுக்குள்ளேயே வகுத்துப் பெருக்கிவிட்டாள். "இன்னும் நூறு மீட்டர்தான் பாக்கி இருந்துச்சு."

அண்ணி தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"நான் என்ன பண்ணுவேன், சொல்லு. உனக்குச் சைக்கிள் போயிரக் கூடாதுன்னுதானே..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பாப்பா..."

"என் முன்னாடி உக்காரப் போறது யாருன்னு என்னைக் கேக்காம எழுதிக் குடுத்திருக்கீங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. ரோட்டைக் கடக்கணுமான்னு கேக்காமயே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறவங்க மாதிரி. நீங்க அப்படி இல்லைன்னு நினைச்சேன்."

அவள் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் ஒரு பேட்டரிதானே மாத்துனேன்" என்றான் கணவன்.

"நீங்க பாதிக் கன்னத்தோட அங்கேயே நில்லுங்க" என்றாள் அண்ணி. "இந்தப் பக்கம் வராதீங்க."

கோச்சுக்குப் போன் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"பேட்டரி மாத்துனேன்னு அன்னைக்கு நீ சொன்னே. எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்கணும். பந்துக்குக் காத்தடிச்சுட்டு நின்னேன்" என்றார். "ஆனா பட்டியல் போயாச்சும்மா. நேத்தே போயாச்சு. நீ போட்ட கையெழுத்து."

"ஞாயித்துக்கிழமை மட்டும் நான் ஓட்டினா?"

"ஓட்டி? அது செல்லாது. செல்லாத ஓட்டத்தை ஓட்டினா சைக்கிள் அன்னைக்கே போயிரும். நாளைக்கு அந்தப் பொண்ணுதான். வந்து நில்லு. இல்ல, வர வேண்டாம்னா வராதே."

அண்ணி போனாள். போகாமல் எங்கே இருப்பது?

போஸ்ட்மாஸ்டர் பெண்ணுக்கு இருபத்தொரு வயது. நல்ல உயரம். பேச்சு கிடையாது. சனிக்கிழமை ஒத்திகையில் இரண்டு பேரும் மொத்தம் நாலு வார்த்தை பேசியதாகக் கேள்வி. மார்புப் பட்டையை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் ஏறினாள். பாப்பா பின்னால். கோச் ஸ்கூட்டரில் தொடர்ந்து வருவார், பட்டையின் துடிப்பு அவர் கைபேசியில் தெரியும். கம்பி மூடியிலிருந்து கிளம்பினார்கள். பதினாலு சுற்று முடிந்து, அதற்கப்பால் அறுநூறு மீட்டரில், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார் கோச். ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும்.

அண்ணி கம்பி மூடிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அங்கிருந்து டிரான்ஸ்பார்மர் தெரியாது. நடுவில் மதில் வளைந்துவிடும்.

கடகட. ஒன்று.

பாப்பா வாயே திறக்கவில்லை. உதடுகள் ஒட்டிக்கிடந்தன. கைகள் பின் இருக்கைக்கான அசையாத கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்தப் பெண் வளைவுக்கு முன்னால் சொல்லவில்லை, பள்ளத்துக்கு முன்னால் சொல்லவில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

கடகட. இரண்டு. அப்போதும் பேச்சில்லை. ஸ்கூட்டரிலிருந்து கோச் குரல் கொடுத்தார்: "பேசும்மா. நாலு சுத்து முடியறதுக்குள்ள பேசலைன்னா மூச்சு வாங்குதுன்னுதான் எழுதணும். நானா வச்ச சட்டம், நானே மீற முடியாது."

மூன்றாவது சுற்றில் அவர்கள் வருவதைப் பார்த்ததும் அண்ணி ரோட்டோரமாக ஓடினாள்.

"பாப்பா, பேசு."

"உங்ககூட நான் பேசறதா இல்ல."

"பேச வேண்டாம். திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. வாயை மட்டும் மூடாதே."

கடகட. மூன்று. பதில் இல்லை. மதில் அவர்களை விழுங்கியது. அண்ணி மூடியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து நெற்றியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு சுற்று. அதற்குள் பேசாவிட்டால் கோச் எழுதிவிடுவார். நாலு நிமிஷம் அவள் முதுகு நிமிரவில்லை.

நான்காவது சுற்றில் சக்கரத்தின் சத்தத்துக்கு முன்னால் குரல் வந்தது.

"...கல்யாணமாகி வந்த மறுநாளே என் சீப்பை எடுத்து வேற இடத்துல வச்சவங்கதானே நீங்க, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும், இந்தம்மாவுக்கு அடுத்தவ பொருளைக் கேக்காம எடுக்கறது கை வந்த கலைன்னு..."

கடகட.

ஐந்து: "...டீயை விட்டேன் டீயை விட்டேன்னு வீடு பூராச் சொன்னீங்களே, ஆலையில ரெண்டு வேளை குடிச்சது எனக்குத் தெரியாதா, என் மூக்கு என்ன வெண்டைக்காயா..."

ஏழு: "...பொய்யாவது ஒழுங்காச் சொன்னீங்களா, சொன்ன பொய்யும் உண்மையைவிடக் கம்மி, அந்தத் திறமைகூட இல்லாத ஆளு எதுக்குப் பொய் சொல்லணும்..."

ஒன்பதில் முன்னால் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "சிரிக்காதம்மா, நூத்து முப்பத்தொம்பது" என்று ஸ்கூட்டர் கத்தியது. சிரிப்பை விழுங்கிக்கொண்டே அந்தப் பெண் முதல்தடவையாக வாயைத் திறந்தாள்: "அக்கா, வளைவு."

"வளைவுன்னு எனக்குத் தெரியும்மா, கன்னத்துல வெயில் அடிக்குது, ஆனா நீ சொல்லு, சொல்லாம மட்டும் எதையும் பண்ணாதே, இந்த அம்மா மாதிரி" என்று பாப்பாவின் குரல் மதிலுக்கு அந்தப்புறம் தேய்ந்து போயிற்று.

அண்ணி அழுதது அப்போதுதான். எண்ணுவதை விடாமல் அழுதாள். பத்து. பதினொன்று. அவர்கள் கோட்டைத் தாண்டினால் அந்த முன் இருக்கை இந்த சீசன் முழுக்க அவளுடையது இல்லை. தாண்டாவிட்டால் யாருடையதும் இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்று ஒரு நிமிஷம்கூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. வராததுதான் வலித்தது. பன்னிரண்டு. பதிமூன்றில் பாப்பாவின் வாக்கியம் நடுவில் ஒருதரம் உடைந்தது. மூச்சு எடுத்து ஒட்டவைத்துக்கொண்டாள்.

கடகட. பதினாலு.

கைக்கடிகாரத்தில் ஒன்றே கால் நிமிஷம் மீதி இருந்தது. குரல் மதிலைத் தாண்டிப் போயிற்று. பிறகு குரலும் இல்லை, சக்கரமும் இல்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பாப்பா பதினோரு வாரமாகக் கேட்டதுபோல அவளும் கேட்டாள். ஒரு காகம். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் மோட்டார் ஒன்று இரைகிற சத்தம். தன் கழுத்தில் நாடி.

விசில்.

ஓடினாள். வளைவில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, விட்டுவிட்டு ஓடினாள். டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் தாண்டி ரெட்டைச் சைக்கிள் நின்றிருந்தது. கோச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் குனிந்து நின்றார்.

"சார்?"

"விசில் ஊதினப்ப முன் சக்கரம் கோட்டுக்கு அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். முன் சக்கரந்தான் கணக்கு" என்றார் அவர், நிமிராமல். "தாண்டியாச்சு. சைக்கிள் உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

போஸ்ட்மாஸ்டர் பெண் இறங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் தன் முழங்கையைப் பாப்பாவின் பக்கம் நீட்டினாள். பாப்பாவுக்கு அது தெரியவில்லை. அவள் காதைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒத்தைச் செருப்போட யாரு ஓடி வர்றது?"

"நான்தான்."

"எண்ணுனீங்களா?"

"பதினாலு."

"அப்பாடா. பன்னிரண்டாவது வாரத்துலயாவது எண்ணக் கத்துக்கிட்டீங்க."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாளைக்குக் காலையில நான் எத்தனை மணிக்கு வரட்டும்கா?" கேட்டது பாப்பாவிடம். ஆனால் பார்த்தது அண்ணியை.

"அஞ்சரைக்கு" என்றாள் பாப்பா. கை நீட்டி அண்ணியின் முழங்கையைத் தேடிப் பிடித்தாள். வழக்கமாக இரண்டு விரலால் தொடுவாள், பூவைப் பிடித்ததுபோல. இன்று ஐந்து விரலும் அழுந்தின, வலிக்கிற அளவுக்கு.

"திட்டு இன்னும் முடியல" என்றாள். "மீதி வீட்டுல. நடங்க, செருப்பு எங்க கிடக்குன்னு பாப்போம்."